தரையில் தேடிய தண்ணீர்

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, குறிஞ்சிப்பாடியிலிருந்து உங்கள் மகளின் காரில் திரும்பினேன். பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்ததுமே அந்த வாடை வந்தது. ஈரச் சாக்கும் பழைய ரப்பரும் சேர்ந்து, மூடிவைத்த இடத்தில் புளித்த வாடை. முன் இருக்கையில் அண்ணி, உங்கள் மனைவி, ஏறிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெருவிரலால் கால்மிதியை அழுத்திப் பார்த்தேன். மிதி காய்ந்திருந்தது. அதற்கு அடியில் இருந்தது காயவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னை உங்களுக்குத் தெரியும். எதையும் சொல்வதற்கு முன் மூன்று முறை யோசிப்பேன்; மூன்றாம் முறை முடிவதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். அன்றும் அப்படித்தான் யோசித்துக்கொண்டே வந்தேன். யோசித்ததெல்லாம் உங்களுடைய அந்தப் பழைய காரைப் பற்றி. அதை ஒருமுறை வரிசையாக எழுதிவிடுகிறேன். பிழையாக எழுதினால் குறுக்கிட்டுத் திருத்த நீங்கள் இல்லை. அதனால்தான் எழுதும்போது கை தயங்குகிறது.

அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலியில் வட்டம் வட்டமாகப் பிரித்த குடியிருப்புகளில் பாதிக்கு வீடு கட்டி முடியவில்லை. சாலைகளுக்குத்தான் மரம் வைத்திருந்தார்கள், நிழலுக்கு இன்னும் காலம் இருந்தது. திருநெல்வேலியிலிருந்து தனியாக வந்த எனக்கும் உங்களுக்கும் ஒட்டிய குவார்ட்டர்ஸ். நடுவில் ஒரு சுவர். உங்கள் வீட்டில் அண்ணி தாளித்தால் என் வீட்டில் தும்மல் வரும். அண்ணி இருமினாலும் எனக்குக் கேட்கும்.

சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இராப்பகலாகப் பம்பு வைத்து இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். நீங்கள் அந்தப் பம்புகளுக்குப் போர்மேன். நான் டிராயிங் ஆபீசில், சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தைக் கட்டம் போட்ட தாளில் தினமும் கோடாக வரைகிறவன். அதனால் எனக்கு 'டிராயிங்கு' என்று பெயர் வைத்தீர்கள். நான் உங்களைச் சில மாதம் 'சார்' என்றேன். நீங்கள் அதற்குச் சிரித்ததால் அதையும் விட்டுவிட்டேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கடைசிவரை முடிவு செய்யவே இல்லை. எதிரில் வந்து நின்று, தொண்டையைக் கனைப்பேன். அதுதான் உங்களுக்கு நான் வைத்திருந்த பெயர்.

அண்ணிக்கு மூச்சு இழுப்பு இருந்தது. கடலூரில் ஒரு டாக்டர் வாரம் ஒரு ஊசியாகப் பல மாதம் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார். பஸ்ஸில் போனால் பீடிப் புகையிலும் புழுதியிலும் போகும்போதே இழுப்பு வந்துவிடும். போட்ட ஊசி வந்த இழுப்புக்கே சரியாகப் போய்விடும். அப்போதுதான் ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார என்ஜினியர் விட்டுச்சென்ற பழைய சீமைக் காரை நீங்கள் வாங்கினீர்கள். இரண்டு வருடமாக ஒரு வேப்பமரத்தடியில் கிடந்த வண்டி. என்ஜினை நீங்களே பிரித்து, நீங்களே பூட்டினீர்கள். முதல்முறை உறுமியபோது வட்டத்தில் பாதிப் பேர் வெளியே வந்து பார்த்தார்கள்.

"என்னாய்யா டிராயிங்கு, எப்டி இருக்கு?" என்றீர்கள்.

"நல்லாருக்கு" என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

கோடை முழுவதும் குறை ஒன்றுமில்லை. ஆடி கடைசியில் மாலை மழை தொடங்கியபோதுதான் இடப்பக்க முன் இருக்கைக்குக் கீழே ஈரம் தெரிந்தது. அண்ணி உட்காரும் இடம். தரையில் தகரத்தின் மேல் தடித்த கம்பளம், அதன்மேல் ரப்பர் விரிப்பு. விரிப்பைத் தூக்கினால் கம்பளம் பிழியலாம் போல இருந்தது. இரண்டு வாரத்தில் பூசணம் பிடித்துவிட்டது. கதவை மூடிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்தாலே அண்ணிக்கு மூச்சில் அந்த மெல்லிய விசில் கேட்கத் தொடங்கியது. பஸ்ஸிலிருந்து தப்ப வாங்கிய வண்டியே பஸ்ஸைவிட மோசமாகிவிட்டது. ஐப்பசி வருவதற்குள் உலர்த்தியாக வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலம் முழுவதும் ஊசி நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கையைக் கழற்றி வாசலில் வைத்தோம். நீங்கள் வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டு வெளியே வந்தீர்கள். முகமெல்லாம் கிரீஸ், அதற்கு மேல் வெற்றி.

"கீழ மூணு ஓட்ட இருக்குய்யா. ரப்பர் மூடி மக்கிப் போயிருக்கு. சக்கரம் தண்ணிய வாரி அடிக்குது, அது வழியா மேல ஏறுது."

அன்று நமக்கு அதில் சந்தேகம் வர வழியே இல்லை. நம் ஊரில் தண்ணீர் என்றால் கீழிருந்துதான் வரும். அதைக் கீழேயே அடக்கி வைப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். வேறு ஊர்க்காரர்கள் முதலில் மேலே பார்த்திருப்பார்களோ என்னவோ. நாம் இருவரும் தரையைத்தான் பார்த்தோம்.

நான் முழுவதும் தரையைப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். உள்ளே குனிந்து கம்பளத்தை எடுக்கும்போது, டாஷ்போர்டுக்குக் கீழே, காலருகில் பக்கவாட்டில் இருந்த அட்டையின் ஓரத்தில், மேலிருந்து கீழாக ஒரு பழுப்புக் கோடு பார்த்தேன். தண்ணீர் ஓடிக் காய்ந்த தடம் போல, இலை நரம்பின் அளவு மெல்லியது. இன்னொன்றும் எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரம் உங்களுக்கு இரட்டை ஷிப்டு; வண்டி மூன்று நாள் இடத்தைவிட்டு அசையவில்லை. அந்த மூன்று நாளில் ஒருநாள் மழை பெய்தது. மறுநாள் கம்பளம் ஈரமாக இருந்தது. ஓடாத சக்கரம் எப்படித் தண்ணீரை வாரி அடிக்கும்? இரண்டையும் என் சிறு நோட்டில் எழுதினேன். 'இடப்பக்கம், மேலே, கோடு' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். 'வண்டி நின்ற நாளிலும் ஈரம்' என்று எழுதி அதற்கும் ஒரு கேள்விக்குறி. நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நீங்கள் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி மூன்று ஓட்டையிலும் வைத்து, அதன்மேல் தாரைக் காய்ச்சி ஊற்றினீர்கள். தார் வாடை ஆகாது என்று அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில், வாசற்படியில் நின்றார்.

"ஏங்க, கூரை ஒழுவுனா தரையையா பூசுவாங்க?"

"இது வூடு இல்ல, வண்டி. வண்டிக்குக் கீழ ரோடு இருக்கு, ரோட்டுல தண்ணி இருக்கு. நீ மேல்பட்டாம்பாக்கத்துக் கூரையயே நெனச்சிகினு இரு."

"எங்கூட்டுக் கூரைய ஒண்ணும் சொல்லாதீங்க. ஓட்ட ஒருபக்கம் இருக்கும், தண்ணி மூங்கிலப் புடிச்சிகினு வந்து வேற பக்கம் சொட்டும். எங்கப்பா மேல ஏறித்தான் பாப்பாரு. சுரங்கத்துல ஊரு தண்ணியெல்லாம் இறைக்கிறாரு, வூட்டு வாசல்ல ஒரு சொம்புத் தண்ணிக்கு வழி தெரியல!"

நீங்கள் தார்க் கரண்டியை ஓங்குவது போல ஓங்கினீர்கள். அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. இருமல் அடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்னாங்க சொல்றீங்க? பாத்துகினே நிக்கிறீங்களே."

கை சட்டைப்பைக்குப் போனது. நோட்டின் விளிம்பைத் தொட்டது. "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன எத்தனையோ வாக்கியங்கள் மறந்துவிட்டன. இது மறக்கவில்லை.

ஐப்பசி இரண்டாம் வாரம் ஊசிக்குப் போனோம். கம்பளத்தைக் காயவைத்து, அதன்மேல் புது ரப்பர் விரிப்பு போட்டிருந்தீர்கள். வழியில் ஏதாவது ஆனால் ஓடி ஆள் கூப்பிட ஒருவர் வேண்டும் என்று என்னையும் அழைத்துக்கொண்டீர்கள். பின் இருக்கையில் குடையும் வெந்நீர் பிளாஸ்க்குமாக நான். முந்தின நாளெல்லாம் மழை. வடலூர் தாண்டும்போது மறுபடி பிடித்துக்கொண்டது. கண்ணாடித் துடைப்பான் நின்று நின்று நகர்ந்தது.

குறிஞ்சிப்பாடிக்கு முன்னால் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. நீங்கள் பிரேக்கை மிதித்தீர்கள். விரிப்புக்கு அடியிலிருந்து தண்ணீர் ஒரே அலையாக முன்னால் போய் மோதித் திரும்பியது. அண்ணியின் கணுக்கால் நனைந்தது, சேலை நனைந்தது. பூசணக் கம்பளம் ஊறிய தண்ணீர். அந்த வாடை குப்பென்று மேலே எழுந்தது. ஒரு நிமிடத்துக்குள் அவருக்கு இழுப்பு பிடித்துவிட்டது.

நான் பின்னாலிருந்து கதவுக் கண்ணாடியை இறக்கினேன். நீங்கள், "மூச்ச விடு, பேசாத, மூச்ச விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அவர் பேச முடியாமல் ஒரு விரலை நீட்டினார். டாஷ்போர்டுக்குக் கீழே, அட்டையின் ஓரத்தில், நான் கேள்விக்குறி போட்ட அதே இடத்தில், தண்ணீர் நூல் போல இறங்கிக்கொண்டிருந்தது.

மழை மேலிருந்து உள்ளே வந்துகொண்டே இருந்திருக்கிறது. முன்பெல்லாம் அது அந்த மூன்று ஓட்டை வழியாக ஓரளவு வெளியே போயிருக்கிறது. போகிற வழியைத்தான் நாம் தார் ஊற்றி அடைத்திருந்தோம்.

நீங்கள் வண்டியை ஓரங்கட்டி, ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு சேற்றில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தீர்கள். நான் குடையை அண்ணியின் பக்கம் பிடித்தேன். அவர் காலைத் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு மூச்சாக எண்ணுவது போல இழுத்தார். அடியில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு தார் உடைந்து தண்ணீர் கொட்டும் சத்தம். அது உங்கள் முகத்தில்தான் கொட்டியது. நீங்கள் எழுந்து நின்றபோது கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. கதவுகளின் கண்ணாடியெல்லாம் இறக்கி, மழை உள்ளே அடித்தால் அடிக்கட்டும் என்று கடலூர்வரை ஓட்டினீர்கள்.

டாக்டர் உடனே மருந்து ஏற்றினார். அரைமணியில் விசில் குறைந்தது. "பயமில்லை, சாயந்தரம்வரை இருக்கட்டும்" என்றார். நாம் வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம்.  நீங்கள் முகத்துச் சேற்றைத் துண்டால் துடைத்துக்கொண்டீர்கள். அப்போது நான் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து உங்கள் மடியில் வைத்தேன். வாயால் சொல்லத் தெம்பு இல்லை.

நீங்கள் படித்தீர்கள். மறுபடி படித்தீர்கள்.

"இது எப்ப எழுதினது?"

"தார் ஊத்தின அன்னிக்கு. ஊத்தறதுக்கு முன்னால."

"ஏன்யா சொல்லல?"

"நீங்க தண்ணி வேலை தெரிஞ்சவர். நான் கோடு போடறவன்."

"கெணத்து மட்டம் ஒரு அடி ஏறுனா ஓடியாந்து சொல்றல்ல? சுரங்கத்துக்குச் சொல்ற, எனக்குச் சொல்ல மாட்டியா?"

"அது அளந்து பாத்தது. இது வெறும் சந்தேகம்."

நீங்கள் எழுந்து போய் வராந்தா ஓரத்தில், எனக்கு முதுகு காட்டி நின்றீர்கள். இனி என்னோடு பேசமாட்டீர்கள் என்று நினைத்தேன். அதுதான் நியாயம் என்றும் நினைத்தேன்.

"சந்தேகத்தயும் சொல்லுய்யா" என்றீர்கள் கடைசியில். "தப்பா இருந்தா நான் திட்டிட்டுப் போறேன். திட்டு வாங்குனா செத்தா போயிடுவ?"

பிறகு நோட்டைத் திருப்பித் தந்தீர்கள். "மத்த பக்கமெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்க" என்றீர்கள். அது கேலியா சமாதானமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மழை விட்ட முதல் ஞாயிறு மறுபடி இருக்கையைக் கழற்றினோம். இந்த முறை எப்படித் தேடுவது என்று என்னைக் கேட்டீர்கள். என்னிடம் ஒரு வேலைக்கு வழி கேட்டது அநேகமாக நீங்கள்தான் முதல். முந்தின இரவே தாளில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். உள்ளே எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்துக் காயவைப்பது. ஓடும் தண்ணீர் தடம் காட்ட, தகரத்தின் மேல் முகப் பவுடரைத் தூவுவது. ஒரே நேரத்தில் வண்டி முழுவதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் எது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கீழிருந்து தொடங்கி ஒவ்வொரு இடமாக மேலே போவது. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம்.

"என் பவுடர் டப்பா காலி" என்றார் அண்ணி. "அடுத்த டப்பா டிராயிங்கு வூட்டு செலவு." பெரிய துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, உங்கள் கைக்கடிகாரத்தை வைத்து நேரம் பார்க்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

நான் டார்ச்சோடு உள்ளே மல்லாந்து படுத்து, தலையை டாஷ்போர்டுக்குக் கீழே நுழைத்துக்கொண்டேன். நீங்கள் பூவாளியால் ஊற்றினீர்கள். முதலில் சக்கரத்தின் மேல்வளைவு. பத்து நிமிடம், ஒன்றுமில்லை. கதவின் கீழ் ஓரம், ஒன்றுமில்லை. கதவின் மேல் ரப்பர். ஒரு சொட்டு, அதுவும் வெளியே போய்விட்டது. முன் கண்ணாடியின் ரப்பர், ஒன்றுமில்லை.

"உள்ள தூங்கறியாய்யா?"

"இல்ல, பாக்கறேன்."

"கொறட்ட சத்தம் கேட்டுச்சே" என்றார் அண்ணி.

முன் கண்ணாடிக்கு வெளியே, பானட்டின் முடிவில், உள்ளே காற்று வர ஒரு சிறிய மூடி இருந்தது. திறந்து மூடலாம். அதன்மேல் பூவாளி வந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் என் முகத்துக்கு ஒரு சாண் மேலே தகரம் மினுமினுத்தது. பவுடரில் ஒரு கறுப்புக் கோடு இறங்கி, அட்டையின் பின்னால் போய், தரைக்கு வந்தது.

"வருது!" என்று கத்தினேன். வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை. எழுந்த வேகத்தில் தலை இடித்தது.

மூடிக்குக் கீழே மழைத்தண்ணீர் வடிய ஒரு தொட்டி, அதிலிருந்து கீழே ஒரு சிறு ரப்பர் குழாய். வேப்பமரத்தடியில் கிடந்த இரண்டு வருடத்தில் இலையும் காம்பும் நிலக்கரித் தூளும் போய் அடைத்து, குழாய் கல்லாகியிருந்தது. தொட்டி நிரம்பி, விளிம்பு தாண்டி, உள்ளே வழிந்திருக்கிறது. நீங்கள் சைக்கிள் பிரேக் கம்பியை விட்டுக் குத்தினீர்கள். கறுப்புக் கூழாக ஒரு கை அளவு வந்து விழுந்தது. பிறகு ஊற்றிய தண்ணீரெல்லாம் சத்தமில்லாமல் கீழே ரோட்டுக்குப் போனது.

மூடியின் ஓரத்துக்குச் சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிப் பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டினோம். தரையின் மூன்று ஓட்டையையும் சுத்தமாகத் திறந்து, புது ரப்பர் மூடி போட்டோம், வேண்டும்போது கழற்றுகிற மாதிரி. கம்பளத்தை எரித்துவிட்டு, கழுவிக் காயவைக்கக்கூடிய கோரைப்பாயை வெட்டி விரித்தோம். அடுத்த மழைக்கு மறுநாள் காலை அண்ணியே கையை உள்ளே விட்டுத் தடவினார், பாயை மோந்து பார்த்தார். "காஞ்சிதான் கெடக்குது" என்றார். தன் கூரை வாதம்தான் ஜெயித்தது என்று அதற்குப் பிறகு ஒரு வருடம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். மழைக்காலம் முழுவதும் ஒரு ஊசியும் தவறவில்லை.

அதற்குப் பிறகு நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். ஆபீசில் எத்தனையோ முறை பார்த்ததைச் சொல்லாமல் விழுங்கியிருக்கிறேன். ஆனால் உங்களிடம் மட்டும் விழுங்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் கால் வீங்கியிருப்பதைப் பார்த்து, மூன்று முறை கனைத்துவிட்டுச் சொன்னேன். வயதானால் வீங்காமல் இளைக்குமா என்று ஒரு பாடு திட்டினீர்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். இதயம் என்றார்கள். அந்த இரண்டு வருடம் அப்படிக் கிடைத்தது என்று உங்கள் மகள் சொல்கிறாள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

பதினாறாம் நாளன்று வடலூரில் என் வீட்டுத் தெருவுக்குள் கார் திரும்பும்போது, உங்கள் மகள் தானாகவே சொன்னாள்: "வாடை அடிக்குதில்ல அங்கிள்? மழை பேஞ்சா உள்ள தண்ணி வந்துடுது. மெக்கானிக் தரையில ஷீட்டு ஒட்டி முழுசா சீல் பண்ணித் தர்றேன்னாரு. நாளைக்கு விடணும்."

என் கை சட்டைப்பைக்குப் போனது. இந்தக் காலத்துக் கார், கம்ப்யூட்டர் வைத்தது, எனக்கு என்ன தெரியும்? மெக்கானிக் தொழில் தெரிந்தவர். முதல் முறை யோசித்தேன். இரண்டாம் முறை யோசித்தேன்.

அண்ணி முன் இருக்கையிலிருந்து மெதுவாகத் திரும்பினார். பதினாறு நாளாக அழுது வீங்கிய கண்.

"ஏதோ பாத்துட்டீங்க. எனக்குத் தெரியும், மூக்க மூக்க உறிஞ்சிகினு வர்றீங்க. சொல்லிடுங்க. திட்டறதுக்கு அவரு இல்லன்னா என்னா, நான் இருக்கேன்."

வண்டியை நிறுத்தச் சொன்னேன். முன் கண்ணாடிக்குக் கீழே, துடைப்பான் இருக்கும் பள்ளத்தில் விரலை விட்டேன். புங்க இலை. அதற்குக் கீழே மக்கிய இலை. அதற்கும் கீழே, குழாய் இருக்க வேண்டிய இடத்தில், சேறு. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மகளிடம், தரையை அடைக்க வேண்டாம், முதலில் இதைச் சுத்தம் பண்ணிவிட்டு ஒரு மழை பார்க்கச் சொன்னேன். என் சந்தேகம் தப்பாகவும் இருக்கலாம் என்றும் சொன்னேன்.

மழை இன்னும் வரவில்லை. சரியா தப்பா என்று தெரியாது. ஆனால் சொல்லிவிட்டேன்.